உடையாமல் கழன்ற சங்கு வளையல்

ஓசூர் சிப்காட் சாலையில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும் இடத்தில், புங்கமரத்துக்கும் கோழிக்கறிக் கடைக்கும் நடுவே, முப்பது வருடமாக வளையல் கடை போட்டிருக்கிறாள் நாகம்மா. எந்தப் பெண்ணின் கையையும் ஒரு தரம் பிடித்துப் பார்த்தால் அளவைச் சொல்லிவிடுவாள். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எந்த வளையல்காரியும் சொல்வாள். நாகம்மா அதோடு நிற்பதில்லை. காலையில் என்ன குழம்பு, அதில் உப்பு கூடியதா, மாமியார் ஊருக்குப் போய்விட்டாளா இன்னும் இருக்கிறாளா என்பது வரைக்கும் மணிக்கட்டிலேயே படித்துவிடுவாள். தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆறு வேணாம், ரெண்டு எட்டு எடுத்துக்குங்க, கை வீங்கப் போவுது" என்றாள். பத்தாவது நாள் டீச்சரம்மாவுக்கு வாந்தி. எட்டாவது மாதம் இரட்டைக் குழந்தை. நம்பாதவர்கள் அந்த இரட்டையர்களையே கேட்டுக்கொள்ளலாம். ஒருத்தி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், இன்னொருத்தியும் ஆறாம் வகுப்புதான்.

வடக்கத்திப் பெண்கள் வர ஆரம்பித்த பிறகு அவள் கடை இரண்டு மேசையாகி, நாலு மேசையாகிவிட்டது. உள்ளூர்ப் பெண்கள் கம்பெனியில் வளையல் கூடாது என்கிறார்கள் என்று வெறுங்கையோடு திரிந்த காலத்தில், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று ரயிலேறி ரோஜாத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் முழங்கை வரைக்கும் அடுக்கினார்கள். நாகம்மா அந்த மாநிலங்கள் இருக்கும் திசையைப் பார்த்துத் தினமும் காலையில் ஒரு கும்பிடு போட்டாள். திசை தப்பு. இரண்டு வருடமாக அவள் கும்பிட்டது மைசூரை. ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மணிக்கட்டில் அவள் படித்தும் சொல்லாத சங்கதிகள் சில உண்டு. நாலு விரல் அப்படியே பதிந்த கறுப்பு. பீடி நுனி அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு. கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: ரோஜா முள். ஓசூர் ரோஜாவுக்கு முள் ஜாஸ்திதான். ஆனால் காதுக்குப் பின்னாலும் தோள்பட்டைக்கு அடியிலும் தேடி வந்து குத்துகிற முள் எந்த ரகத்து ரோஜாவில் இருக்கிறது என்று நாகம்மாவுக்குத் தெரியவில்லை. கையைப் பிடிக்கலாம், வாயைக் கிளறக் கூடாது என்று தொழிலுக்கு அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். அந்தச் சட்டப்படி நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொண்டு நிறுவனம் பெண்கள் உடல்நல மையம் ஒன்றைத் திறந்திருந்தது. அங்கே ரேவதி என்று ஒரு நர்ஸ், ஊத்தங்கரைப் பெண். வாசலில் ஆளுயரத்துக்குப் போர்டு: 'குடும்ப வன்முறைக்கு ஆளான வெளிமாநிலப் பெண்களுக்கு இலவச மருத்துவ உதவி'. தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற புருஷனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். நாலு மாதத்தில் அந்த வாசலை மிதித்தவர்கள் இரண்டு பேர். பிரஷர் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ராஜப்பன் ஒருத்தர், அவரைத் தேடி வந்த அவருடைய ஆடு ஒன்று.

ரேவதி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வீடு வீடாகப் போனாள். அவள் கையில் இந்தியில் அச்சடித்த நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் துணைவர் உங்களை' என்று ஆரம்பிக்கும்போதே பெண்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் நாற்பத்திரண்டுக்கும் 'எல்லாம் நல்லா இருக்குது' என்று சொன்னார்கள். அந்தத் தாள்களின்படி பார்த்தால், உலகத்திலேயே சந்தோஷமான பெண்டாட்டிகள் சிப்காட் லைன் வீடுகளில்தான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேவதி அங்கன்வாடி வளைகாப்புக்கு வளையல் வாங்க வந்து, நாகம்மா கடையில் அரைமணி நேரம் நின்றாள். தன்னிடம் ஒரு நிமிடம் உட்காராத பெண்கள் இங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து கையைக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, இந்தம்மா கைய எத்தன நேரமா புடிச்சிட்டிருக்கீங்க?"

"பன்னண்டு வளையலு. வளையலுக்கு ஒரு நிமிசம்."

"அவங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அதோ கோழிக்கடையில நிக்கறான் பாரு. என்னா சொல்வான்? பொண்டாட்டி வளையலு போட்டா அவனுக்கு ஆயுசு கூடுதாம். இன்னும் ரெண்டு போட்டுக்கோன்னுதான் சொல்வான்."

ரேவதிக்குப் பொறாமையாக இருந்தது. "எங்கிட்ட வர மாட்டேங்கறாங்க, அக்கா."

"நீ கேள்வி கேக்கற, கண்ணு. நான் கலர் கேக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேவதி வெள்ளைக் கோட்டை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரணப் புடவையில் வந்தாள். நாகம்மாவின் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைவில் ஒரு மேசை, ஒரு பிரஷர் மெஷின், மருந்துப் பெட்டி, கை கழுவ ஒரு வாளி. மையத்து வாசல் போர்டை ராஜப்பனே கழற்றி எடுத்துப்போய் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்.

அந்த மறைவுக்கு வேலை வந்தது தற்செயலாகத்தான். மூன்றாவது வாரம், ஜார்க்கண்டுக்காரி ஒருத்தி வளையல் மாற்ற வந்தாள். எத்தனை எடுத்து வைப்பது என்று தெரிய, நாகம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "எத்தன ஒடஞ்சுது?"

"ஏழு" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "செவ்வாக்கிழம" என்றாள்.

கிழமையை யாரும் கேட்கவில்லை. நாகம்மா கையில் எடுத்த வளையல் கொத்தைக் கீழே வைத்தாள். துணி துவைத்தால் ஒன்று உடையும். பிள்ளை பிடித்து இழுத்தால் இன்னொன்று. ஒரே செவ்வாய்க்கிழமையில் ஏழு உடைய வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆள் வேண்டும்.

"பின்னாடி போய்க் கை கழுவிட்டு வாம்மா. கழுவின கையிலதான் புதுசு போடுவேன்" என்றாள்.

அன்றைக்குப் பின்னால் போனவள் இருபது நிமிடம் கழித்து, உள்ளங்கையில் தைத்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்துக் கட்டுப்போட்டு, காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து பச்சை வளையல் கேட்டாள். அதற்குப் பிறகு அதுவே முறையாகிவிட்டது. நாலுக்கு மேல் உடைந்தால் கை கழுவ வேண்டும். இந்தச் செய்தி எந்தப் போர்டும் இல்லாமல் லைன் வீடு லைன் வீடாகப் போயிற்று. சில வாரம் கை கழுவ வரிசை நின்றது. கோழிக்கடையில் நின்ற புருஷன்கள், நாகம்மா எவ்வளவு சுத்தபத்தமான வியாபாரி என்று பேசிக்கொண்டார்கள்.

மாங்காய் வாசனை சந்தைக்கு வந்துவிட்ட ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை, பசந்தி வந்தாள். பேரண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறவள், ஒடிசாக்காரி. இடது கையை நீட்டினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"எத்தன ஒடஞ்சுது?"

பசந்திக்குத் தமிழ் அவ்வளவு வராது. விரலைக் காட்டி எண்ணப் பார்த்தாள். ஒரு கையில் ஐந்து விரல்தானே உண்டு. இன்னொரு கையை வெளியே எடுக்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப அதே கையைக் காட்டினாள். ஐந்து, இன்னொரு ஐந்து, பிறகு ஒன்று. எண்ணி முடித்ததும் தன்னையறியாமல், "பதகொண்டு" என்றாள்.

நாகம்மா நிமிர்ந்தாள். அது தெலுங்கு. நாகம்மாவின் வீட்டில் பேசுகிற பாஷை. "நீ தெலுங்கா பேசற?" என்று தெலுங்கிலேயே கேட்டாள்.

பெர்ஹாம்பூர் பக்கம், கஞ்சம் மாவட்டம், எங்க தெருவில் பாதிப் பேர் தெலுங்கு என்றாள் பசந்தி. ஒரு வருடமாக இந்த ஊரில் எல்லோரும் தன்னிடம் இந்தியில் பேசுகிறார்கள், தனக்கு இந்தி தெரியாது, வடக்கத்திக்காரிக்கு எப்படி இந்தி தெரியாமல் போகும் என்று யாரும் நம்பவில்லை என்றாள். ரேவதியின் நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் இவள் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறாள். ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள். நாகம்மா அதைத் தமிழில் சொன்னதும் பின்னால் நின்ற ரேவதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கைய எடு, தாயி" என்றாள் நாகம்மா.

முந்தானைக்குள்ளிருந்து வந்த வலது கையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சரிந்து, முருங்கைக் கிளை ஒடிந்து தொங்குகிற மாதிரி நின்றது. இரண்டு வாரமாகிறது. அவள் புருஷன் கீர்த்திபாஸ் வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறவன். சோறு வடிக்க நேரமானதற்குக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கியிருக்கிறான். கண்ணாடி வளையல் பதினொன்றும் உடைந்தன. உடையாமல் நின்றது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று போட்ட சங்கு வளையல், வெள்ளையாக, வீங்கிய கைக்கு மேல் இறுகிக் கிடந்தது.

திங்கட்கிழமை ராஜப்பனின் ஆட்டோவில் ரேவதி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்பைவிட வெள்ளையாகச் சங்கு விழுந்தது, எலும்பு உடைந்த இடத்தை மறைத்துக்கொண்டு. இருந்தாலும் எலும்பு டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எலும்பு விலகி, விலகின இடத்திலேயே ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தால் கை திரும்பும். விட்டால் விரல் மடங்காது, கத்தரிக்கோலை இந்த ஜென்மத்தில் பிடிக்க முடியாது என்றார். வியாழக்கிழமை காலைக்கு நேரம் கொடுத்தார். அதற்கு முன்னால் அந்த வளையல் போக வேண்டும் என்றார். அங்கேயிருந்த ஆள் ஒருத்தர் மோதிரம் வெட்டுகிற சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

பசந்தி ஓடிவிட்டாள். செருப்பை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி ஃபைலை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவள் ஓடின வேகத்தைப் பற்றி ராஜப்பன் பிற்பாடு சொன்னது: "என் ஆட்டோவ மூணாவது கியர்ல போட்டுத் தொரத்தினேன். சிக்னல்ல நின்னதாலதான் புடிச்சேன். அதுவும் அந்தம்மா சிக்னல மதிக்கற பொம்பள, அதான்."

ரேவதி கடைக்கு வந்து கொட்டித் தீர்த்தாள். "கைய ஒடச்சவன் அவன். அவன் ஆயுசுக்காக அந்தக் கையவே விட்டுடறேங்கறாளே, அக்கா. இத நான் எந்தத் தாள்ல எழுதறது?"

நாகம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது, கோபத்துக்கு அதில் நேரமில்லை. "உங்க ஊத்தங்கரையில ஆபரேசனுக்குப் போறவங்க தாலிய என்னா பண்ணுவாங்க?"

"மஞ்ச நூல் கட்டிட்டுக் கழட்டிக் குடுப்பாங்க."

"யாராவது வந்து ரம்பத்துல அறுத்தா?"

ரேவதி எழுந்து பசந்தியைக் கூப்பிடப் போனாள்.

மஞ்சள் நூல் கதையைப் பசந்தியிடம் சொன்னார்கள். உங்க நூல் உங்களுக்கு, எங்க ஊரில் மஞ்சள் நூலுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றாள். அவன் செத்துப்போனால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்றாள். அவள் பயந்தது அவனுக்காக மட்டுமில்லை என்று நாகம்மாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. "அப்ப உங்க ஊர்ல மதிப்புள்ள ஆளு யாரு?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மையத்தில் உட்கார்ந்து பசந்தியின் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். அந்தம்மா பெர்ஹாம்பூர் பக்கத்துச் சந்தையில் கருவாடு விற்கிறவள். போனில் முதலில் கருவாடு தெரிந்தது, பிறகு அவள் தெரிந்தாள். மகளின் கையைக் காட்டச் சொன்னாள். பின்னால் யாரோ விலை கேட்டதற்கு, "கடை மூடியாச்சு" என்றாள். கடை திறந்துதான் இருந்தது.

பிறகு தெலுங்கில், நாகம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ஒடைக்கக் கூடாது. வெட்டக் கூடாது. முழுசா வரணும். அதுக்கு முன்னால அதே கையில, தோளுக்குக் கீழ, செவப்பு நூல் கட்டி மூணு முடிச்சு போடணும். கழட்டறது வளையலு போடற கையா இருக்கணும், ஊசி போடற கையா இருக்கக் கூடாது. கழட்டினத மண்ணுல வைக்கக் கூடாது, பஞ்சுல வைக்கணும். இப்படிச் செஞ்சா குத்தமில்ல."

நாகம்மா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல ரேவதி எழுதிக்கொண்டாள். "இது உங்க சாஸ்திரத்துல இருக்குதாம்மா? கேட்டுச் சொல்லுங்க, அக்கா."

கேட்டாள். "இருக்குது" என்றாள் கருவாட்டுக்காரி. "இன்னிக்குக் காலையிலருந்து இருக்குது."

பசந்தி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். முழுசாக வந்தால் வியாழக்கிழமை வருகிறேன், உடைந்தால் வர மாட்டேன் என்றாள்.

நாகம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. முப்பது வருடத்தில் அவள் லட்சம் கைகளில் வளையல் போட்டிருப்பாள். கழற்றினது கிடையாது. கழற்றுவது அவள் வேலையே இல்லை. போதாததற்கு அந்தச் சங்கில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்திருந்தாள். ரேவதியிடம் அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிவப்பு நூல் கட்டியாயிற்று. ரேவதி வலி மாத்திரை கொடுத்து, கையைத் தலையணையில் உயர்த்தி, ஐஸ் வைத்து, முக்கால் மணி நேரம் வீக்கம் இறங்கக் காத்திருந்தாள். பிறகு நாகம்மா மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டி, அதற்கு மேல் விளக்கெண்ணெய் தடவினாள். இறுக்கமான வளையல் போடும்போது செய்கிற வேலைதான், இது தலைகீழ். சங்கு உள்ளங்கை எலும்பு வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. பசந்தியின் கண்ணில் நீர் கோத்தது. வலியில் அவள் கட்டைவிரலை விறைத்தாள். விறைக்க விறைக்க வளையல் இறுகிற்று. நாகம்மாவின் விரலடியில் அந்த விரிசல் தட்டுப்பட்டது.

இன்னும் கொஞ்சம் இழுத்தால் உடையும். நாகம்மா இழுக்கவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து பேச ஆரம்பித்தாள்.

"போன வருசம் தேன்கனிக்கோட்டைக் காட்டுலருந்து ஒரு யானை என் கடைக்கு வந்துச்சு, தெரியுமா?"

பசந்தி திரும்பிப் பார்த்தாள்.

"ராகிக் கொல்லையத் தின்னுட்டு, வாயக்கூடத் தொடைக்காம நேரா வந்து வரிசையில நிக்குது. நானும் ஞாயித்துக்கிழம கூட்டத்துல கவனிக்கல. அடுத்தது யாரும்மான்னு கேட்டா தும்பிக்கைய நீட்டுது."

"பொம்பள யானையா?"

"ஆம்பள. பொண்டாட்டிக்கு வாங்க வந்திருக்குது. அளவு என்னான்னு கேட்டேன். அதுக்குச் சொல்லத் தெரியல. ஆனா வரும்போதே யோசிச்சு வந்திருக்குது. பொண்டாட்டி கால் வச்ச தடத்த அப்படியே மண்ணோட பேத்துத் தலையில தூக்கிட்டு வந்திருக்குது. எறக்கி மேசையில வச்சுது. மேச ஒடஞ்சுது."

"நாலு மேசையில ஒண்ணு மூணு காலோட நிக்குதே, அதுவா?" என்று கேட்டாள் ரேவதி, ஐஸைப் பிடித்தபடி.

"அதேதான். தடத்த அளந்து பாத்தேன். என்கிட்ட அந்த அளவு இல்ல. கிருஷ்ணகிரிக்குச் சொல்லி வரவழைக்கறேன், ஒரு வாரம் ஆவும்னேன். கலரு மட்டும் சொல்லிட்டுப் போன்னேன். ஒவ்வொரு கொத்தா மோந்து பாத்துச்சு. செவப்ப எடுத்துச்சு, வச்சுருச்சு. பச்சைய எடுத்துச்சு, வச்சுருச்சு. அப்பறம் திரும்பிக் காட்டுக்கே நடந்துது. என்னாடா இதுன்னு பாத்தா, பொண்டாட்டியையே கூட்டிட்டு வருது. எந்தக் கலரு வேணும்னு அவளையே கேளுன்னு முன்னால தள்ளி விட்டுட்டு, தான் போய்க் கோழிக்கடைகிட்ட நின்னுக்குச்சு."

அந்த யானை கோழிக்கடையில் மற்ற புருஷன்களோடு நிற்பது பசந்தியின் கண்ணில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் விறைத்த கட்டைவிரல் தளர்ந்து உள்ளங்கைக்குள் மடங்கிற்று. நாகம்மா காத்திருந்தது அதற்குத்தான். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சங்கு வளையல் முழுசாக அவள் கைக்கு வந்தது.

அறையில் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசந்தி அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விரிசலைக் கண்டாள். ஆனால் உடையவில்லை. பஞ்சில் வைத்து டப்பாவில் மூடினார்கள். ரேவதி சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சிந்தினாள். நாகம்மாவுக்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று குழப்பம். பெர்ஹாம்பூர்க் கருவாட்டுக்காரிக்குச் சொல்வதே முறை என்று முடிவு செய்து, மைசூர் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. சிவப்பு நூலைத் தொடவே இல்லை, சுற்றி மருந்து தடவி, அதற்கு மேலே துணி போட்டு வேலையை முடித்தார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷன், கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கீர்த்திபாஸ் வார்டுக்கு வந்தான். மாவுக்கட்டைப் பார்த்தான். கட்டுக்கு மேலும் கீழும் தேடினான். முகம் வெளுத்துவிட்டது. "சங்கு எங்கே? நான் சாகணும்னு கழட்டினியா?" என்று ஒடியாவில் கேட்டான். பசந்தி தன் அம்மாவுக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டாள். கருவாட்டுக்காரி அவனிடம் சொன்னதைப் பசந்தி பிறகு நாகம்மாவுக்குத் தெலுங்கில் சொன்னாள்: "மருமகனே, சங்கு இல்லாத நாள் வரைக்கும் உங்க உயிரு அந்தச் செவப்பு நூல்லதான் இருக்குது. அந்தக் கைய யாரும் அசைக்காம பாத்துக்குங்க. முடிச்சு ஒண்ணு அவுந்தாலும் நான் பொறுப்பில்ல."

அதற்குப் பிறகு ஆறு வாரம் கீர்த்திபாஸ் அவளிடமிருந்து நாலடி தள்ளியே நடந்தான். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மினான். ரேவதிக்கு அந்த ஆறு வாரம் போதுமாக இருந்தது. மந்திரத்தை நம்பி அவள் சும்மா இருக்கவில்லை. தெலுங்கு தெரிந்த ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். பசந்தி வாயால் சொல்ல, சொன்னது சொன்னபடி எழுதிப் புகார் கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மையத்தில் நாலைந்து ஒடிசாப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பேசினார்கள். அதற்குப் பேர் ஆலோசனை என்று ரேவதி மேலிடத்துக்கு எழுதினாள். நாற்பத்திரண்டு கேள்விகளில் முப்பதுக்கு அங்கே கேட்காமலே பதில் வந்தது. ஜோதியம்மாள் என்ற வீட்டுக்காரம்மா தன் லைன் வீட்டில் ஓர் அறையைப் பசந்தி பேருக்கே வாடகைக்கு எழுதிக் கொடுத்தாள். "ஆம்பளைங்க ராத்தங்க இங்க எடமில்ல, தண்ணி பத்தாது" என்று காரணம் சொன்னாள். போலீஸில் கூப்பிட்டு விசாரித்த மறுநாள் கீர்த்திபாஸ் ஊருக்கு ரயிலேறிவிட்டான். மாமியார் தன் கண் முன்னாலேயே அவனை வைத்துக்கொள்கிறேன், கேஸுக்குக் கூப்பிடும்போதெல்லாம் தானே ஏற்றி அனுப்புகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்தாள். அவளிடம் கருவாடு வெட்டுகிற கத்தி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாவுக்கட்டை எடுத்தபோது கை குச்சியாக இருந்தது. விரல் பாதிதான் மடங்கிற்று. தினமும் மையத்துக்கு வந்து வெந்நீரில் கையை விட்டு, ஒரு ரப்பர் பந்தை அழுத்திப் பழகினாள் பசந்தி.

வைகாசி அமாவாசைக்கு ஒடிசாப் பெண்களுக்குச் சாவித்திரி விரதம். புருஷன் ஆயுசுக்காகப் புது வளையல் போட்டு, பழம் படைத்து, அன்றைக்குச் சோறு தொடாமல் இருப்பார்கள். ரேவதி மையத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டாள். கிருஷ்ணகிரி மாம்பழம் கூடை கூடையாக வந்தது, கூடவே நுங்கு, பலாச்சுளை. நாகம்மா வளையல் பெட்டியோடு போனாள். பசந்தி வலது கையில் கத்தியைப் பிடித்து, மெதுவாக, மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன. நாகம்மா ஒரு துண்டை எடுத்துத் தின்று, இவ்வளவு அழகாக நறுக்கின மாம்பழத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள்.

"நீயுமா விரதம்?"

"நானுந்தான், அக்கா."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். நூறு வருசம் நல்லா இருக்கட்டும்." பசந்தி அடுத்த பழத்தை எடுத்தாள். "கஞ்சம் ஜில்லாவுலயே இருக்கட்டும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நாகம்மா டப்பாவைக் காட்டி, சங்கை இன்றைக்குப் போடுவதா என்று கேட்டாள். பசந்தி யோசித்தாள். பஞ்சிலேயே இருக்கட்டும், நூல் போதும் என்றாள். அவ்வளவுதான், பேச்சு அடுத்த பழத்துக்குப் போய்விட்டது.

பூசை முடிந்ததும் எல்லோருக்கும் போட்டது போக மிஞ்சின வளையலில் பசந்தி ஒரு கொத்தை எடுத்தாள். "உக்காருங்க" என்றாள் நாகம்மாவிடம்.

"எனக்கா? எனக்கெதுக்குடி? நான் விக்கறவ."

"கை கழுவியாச்சா?"

நாகம்மா உட்கார்ந்து கையை நீட்டினாள். பசந்தி வலது கையால் அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, அழுத்தினாள். தெரியாத வேலை. ரெண்டு எட்டு போட வேண்டிய கைக்கு ரெண்டு ஆறை எடுத்துவிட்டாள். நாகம்மாவுக்கு அளவு தெரியும், சொல்லவில்லை. பசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ரப்பர் பந்தில் பழகின விரல் ஐந்தும் முழுசாக மடங்கி இறுகின. எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது நாகம்மாவுக்கு.

"வலிக்குதா, அக்கா?"

"இல்ல" என்றாள் நாகம்மா. "இன்னும் கொஞ்சம் அழுத்து."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாகம்மாவின் கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. வந்தவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும், சேலையை ஒதுக்கி அதைக் காட்டினாள். கோழிக்கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராஜப்பனுக்கு இரண்டு தரம் காட்டினாள்.

"யார் கைன்னு பாரு" என்றாள். "நல்லாப் பாரு. அஞ்சு வெரலும் விழுந்திருக்குது."